பச்சை அட்டைச் சுருட்டை

தங்கபுஷ்பத்தின் தலைமுடி பாம்பு என்று பதிவாகி மூன்று வருடம் ஆகிறது.

யாரையும் குறை சொல்ல முடியாது. குடும்ப அட்டை புதுப்பித்தபோது படிவத்தில் ‘கூந்தலின் வகை’ என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் உள்ளது உள்ளபடி ‘சுருட்டை’ என்று எழுதிக் கொடுத்தாள். படிவத்தை வாங்கிய எழுத்தர் அகராதியைப் பார்க்காமல் பேனாவைத் தொடாத மனிதர். சுருட்டை என்றால் விரியனில் ஒரு வகை என்று அகராதியில் போட்டிருந்தது. அவர் கோப்பை ஊர்வன அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார், அங்கிருந்து ஒரு பச்சை அட்டை வந்தது. உப்பாற்றுமுனையில் சுருட்டை முடிக்காரர்கள் எல்லோரிடமும் அந்த அட்டை இருக்கிறது. நேர்முடிக்காரர்களுக்கு இந்த வம்பு கிடையாது. அவர்கள் பாட்டுக்குத் தலையை வாரிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

சுருட்டையை வீட்டில் வைத்துக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லை. சீறக் கூடாது, அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு முறை ஆய்வாளர் வந்து தலையருகே காதை வைத்துக் கேட்பார். சீறினால் அட்டையில் ஒரு துளை போடுவார். மூன்றாவது துளை விழுந்தால் முடியைப் பையில் போட்டுக் காப்புக்காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். தங்கபுஷ்பத்தின் அட்டையில் இரண்டு துளை விழுந்தாயிற்று. மூன்றாவது ஆய்வு இந்த வியாழக்கிழமை பகல் மூன்று மணிக்கு.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் பதினாறு வருடம் அசையாமல் உட்கார்ந்தவள். ஆனால் இதற்குப் பயந்தாள். அவளுக்கு ஒரு வருடம் முந்தியே அட்டை வாங்கிய அவளுடைய முதலாளி அருளானந்தத்தின் முடி போன வருடம் காட்டுக்குப் போயிற்று. அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். உடைமரத்தடியில் நன்றாகக் கொழுத்துச் சுருண்டு படுத்திருக்கிறதாம்.

“நல்லாத்தான் இருக்கு, புஷ்பம். என்னையத்தான் அதுக்கு அடையாளம் தெரியல,” என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொள்வார்.

அதைக் கேட்ட நாள் முதல் தங்கபுஷ்பத்துக்கு அதே நினைப்பு. நாற்பத்தொரு வருடம் தலையில் வைத்து வளர்த்த முடி நாளைக்கு நீ யார் என்று கேட்டால் எப்படித் தாங்குவது?

சீறியதில் முடியின் தவறு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் கடல்காற்று, இன்னொரு பக்கம் குழாயில் வரும் உப்புத் தண்ணீர். இரண்டும் போதாதென்று அடுத்த வீட்டில் செல்லக்கனி மைனி இருந்தாள். தங்கபுஷ்பத்தின் கணவர் சிவபெருமாளுக்கு அக்காள். மைனியின் முடி நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கும். வாரினால் அடங்காத முடி உலகத்தில் இல்லை என்பது அவள் கட்சி. ஆய்வு நாள் வந்துவிட்டால் பல் நெருக்கமான சீப்பும் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயுமாகக் காலையிலேயே வந்துவிடுவாள். காய்ந்த முடியில் உச்சியிலிருந்து சீப்பைப் போட்டு இழுப்பாள். அது நாலா பக்கமும் பொங்கி எழுந்து ஸ்ஸ்ஸென்று சீறும். போன வருடம் ஆய்வாளர் காதை வைக்கவே இல்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே துளை போட்டுவிட்டுப் போனார்.

பச்சை அட்டையோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்திருந்தது. ‘வீட்டில் சுருட்டை: பராமரிப்புக் கையேடு’. அதெல்லாம் பாம்பு வைத்திருக்கிறவர்களுக்கு என்று மைனி சொல்லிவிட்டதால், மூன்று வருடமாக அது மிக்ஸி ஆடாமலிருக்க முட்டுக்கொடுத்துக் கிடந்தது. திங்கட்கிழமை தங்கபுஷ்பம் மிக்ஸியை நகர்த்திவிட்டு அதை உருவி எடுத்தாள். கடைசிப் பக்கம் மாவுக் கறையில் சமையல் மேடையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மற்றதெல்லாம் கைக்கு வந்தது.

‘சுருட்டை இயல்பில் சாது. காய்ந்திருக்கும்போது தொட்டால்தான் சீறும்,’ என்பது முதல் வரி.

அவள் அதை நாலு தரம் வாசித்தாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஆள் பிடித்து இறுக்கிப் பின்னி, கல்யாணத்தில் நாலு பேர் அமுக்கிப் பிடித்துப் பூவை வைத்து, இத்தனை காலத்தில் இந்த ஒரு வரியைச் சொல்ல ஒரு நாதி இல்லையே. மூக்கைச் சிந்திவிட்டு மேலே வாசித்தாள். தினமும் குளிப்பாட்டாதீர்கள். வழுவழுப்பாக இருக்கும்போது மட்டும், விரலால் சிக்கெடுங்கள். முரட்டுத் துண்டைக் காட்டாதீர்கள். ஈரம் சொட்டும்போது ஆளிவிதைக் கஞ்சி ஊட்டுங்கள், ஊட்டிய பிறகு தானாகக் காயும்வரை கையை வைக்காதீர்கள்.

வியாழக்கிழமை காலையில் சிவபெருமாள் இரண்டு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தங்கபுஷ்பம் தலையைக் குனிந்து, ஷாம்புவை மண்டையில் மட்டும் மெல்லத் தேய்த்து அலசினாள். பிறகு கண்டிஷனரை அள்ளி அள்ளிப் பூசி, நுனியிலிருந்து தொடங்கி மேலே போய், ஒவ்வொரு சிக்காக விரலால் பிரித்தாள். முடி ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தின நாளே ஆளிவிதையைக் கொதிக்கவைத்து, கொழகொழவென்று வந்ததைத் துணியில் வடிகட்டி வைத்திருந்தாள். அதை ஈர முடியில் தடவி, ஒவ்வொரு சுருளையும் உள்ளங்கையில் ஏந்தி மேல்நோக்கி அமுக்கினாள். சளக், சளக் என்று அது விழுங்கும் சத்தம் கேட்டது. பசி அதற்கு. இத்தனை வருடமும் பசியில்தான் சீறியிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குப் பாவமாக இருந்தது.

“ஏங்க, ஒங்க பழைய பனியனை எடுத்துட்டு வாங்க,” என்றாள்.

சிவபெருமாள் துவைத்துத் துவைத்து நைந்துபோன ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் முடியை ஒற்றி எடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கை சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

பதினோரு மணிக்கு மைனி சீப்பும் எண்ணெய்க் கிண்ணமுமாக வந்தாள்.

“என்னட்டி, தலையை இப்படி விரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க? அவிய வர்ற நேரமாச்சு. திரும்பு இங்க.”

“சீப்பை வெளிய வச்சிட்டு வாங்க மைனி.”

“யாரு நல்லதுக்குச் சொல்லுதேன்? மூணாவது துளை விழுந்துச்சுன்னா மொட்டைத் தலையோடதான் திரியணும் நீ.”

“விழுந்தா விழட்டும். தொடாதீங்க.”

மைனியை எதிர்த்து அந்த வீட்டில் இதுவரை யாரும் பேசியதில்லை. மைனி தம்பியைப் பார்த்தாள். தம்பி பனியனைப் பிழிந்துகொண்டிருந்தார். அவள் சீப்பை வாசற்படியில் வைத்துவிட்டு வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரண்டு மணிக்கு முடி காய்ந்தது. காய்ந்தது என்று சொல்வதைவிட விறைத்தது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு சுருளும் முறுக்கு மாதிரி மொறுமொறுவென்று நின்றது. ஆட்டினால் அசையவில்லை. தங்கபுஷ்பம் கையேட்டை எடுத்துப் புரட்டினாள். ஒட்டிப்போன கடைசிப் பக்கத்தில் இதைப் பற்றித்தான் ஏதோ எழுதியிருக்க வேண்டும்.

“செத்துப்போச்சா?” என்று சிவபெருமாள் தணிந்த குரலில் கேட்டார்.

“நான் அப்பமே சொன்னேன்,” என்றாள் மைனி.

ஆய்வாளர் ஞானதிரவியம் மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். கையில் கொக்கி வைத்த கம்பு, தோளில் சாக்குப்பை, கக்கத்தில் கோப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் தங்கபுஷ்பத்தின் தலையைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பையை இறக்கிக் கீழே வைத்தார்.

“யாரும் பேசாதீங்க. சட்டை உரிக்கப் போவுது,” என்றார். “ஒரு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில தேச்சுக்கிட்டு, கீழேயிருந்து மெதுவா அமுக்கிக் கொடுங்கம்மா. பயப்படாதீங்க.”

தங்கபுஷ்பம் மைனியின் கிண்ணத்தில் ஒரு விரலைத் தோய்த்து, உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு குனிந்தாள். முதல் அமுக்கலில் மொறுக்கென்றது. அடுத்ததில் காதோரம் ஏதோ பிடி விட்டது. அமுக்க அமுக்க ஒவ்வொரு சுருளாகக் கழன்று, கடைசியில் கண்ணாடித்தாள் போன்ற சட்டை முழுசாக, ஓர் இடத்திலும் கிழியாமல், தரையில் விழுந்தது. அவள் நிமிர்ந்தாள். முடி தோளில் இறங்கியது. ஒரு பிசிறு இல்லை. தொட்டால் கன்றுக்குட்டியின் காது மாதிரி இருந்தது.

ஞானதிரவியம் காதை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். பிறகு எழுந்து போய்க் கடலைப் பார்த்த ஜன்னலைத் திறந்துவிட்டார். காற்று தன் வழக்கமான திமிரோடு உள்ளே வந்தது, முடியைச் சுற்றி ஒரு தரம் நடந்தது, பிடிப்பதற்கு எதுவும் கிடைக்காமல் வந்த வழியே போயிற்று. கடைசியாக அவர் கம்பை நீட்டினார். உச்சியிலிருந்து ஒரு சுருள் நீண்டு கம்பில் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்கித் தன் இடத்துக்கே வந்து படுத்துக்கொண்டது.

“இருபத்திரண்டு வருச சர்வீஸ்,” என்றார் ஞானதிரவியம். “கிழியாத சட்டையை இன்னைக்குத்தான் பாக்கேன். வீட்டுல சட்டை உரிச்ச சுருட்டையை இனி எந்த அதிகாரியும் பிடிக்க முடியாதும்மா. சட்டத்துல இடமே கிடையாது.”

தங்கபுஷ்பம் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தெருமுனைவரை கேட்டதாகச் சொல்கிறார்கள். ஞானதிரவியம் பச்சை அட்டையை வாங்கிக் கிழித்துப்போட்டுவிட்டு, கோப்பிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்து நிதானமாகப் பூர்த்தி செய்தார். ‘சுருட்டை: நிரந்தரக் குடி. இருப்பிடம்: புற்று. புற்றின் பெயர்: தங்கபுஷ்பம், கணவர் பெயர் சிவபெருமாள்.’ அவள் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் பயிற்சிக் காரின் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுக் கடற்கரைச் சாலையில் போனாள். முதல் தடவையாகத் தலையில் கிளிப் இல்லை, முக்காடு இல்லை, ரப்பர்பேண்ட் இல்லை. எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினாள். மாணவர்களிடம் நாற்பதைத் தாண்டக் கூடாது என்று சொல்பவள் அவள். முடி பின்னால் பறந்து பறந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் துள்ளி, திரும்ப வந்து தோளில் அமர்ந்தது. எதிரே வந்த லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நன்றாயிருந்தது அவளுக்கு. அவ்வளவு நன்றாக அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தபோது வாசலில் பதினான்கு பெண்கள் குளித்து முழுகி, ஆளுக்கொரு செம்புப் பாலும் மஞ்சளுமாக வரிசையாக நின்றார்கள். முதல் ஆளாக நின்றது செல்லக்கனி மைனி. செருப்பைத் தெருவிலேயே விட்டிருந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, செம்பை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

“தாயி, கொஞ்சம் குனிஞ்சு கொடுங்க,” என்றாள்.

“மஞ்சள் வேண்டாம், மைனி. பால் மட்டும் ஊத்துங்க,” என்றாள் தங்கபுஷ்பம். “ஊத்திட்டு யாரும் துடைக்காதீங்க. தானா காயட்டும்.”

சிவபெருமாள் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். புற்று அதில் உட்கார்ந்து தலையைக் குனிந்து கொடுத்தது.