கட்டை விரல் சாட்சி

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்கு லிஃப்டில் ஏறும் பாக்கியம் கிடையாது. ஓடுகிற லிஃப்டுக்கு அவரை யார் கூப்பிடுவார்கள்? நின்றுபோனதற்குத்தான் கூப்பிடுவார்கள், மோட்டார் அறையோ எப்போதும் மொட்டை மாடியில்தான் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அவர் ஏறிய படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் நிலாவுக்குப் போய், அங்கே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு, பாதி வழி திரும்பியிருக்கலாம். மீதிப் பாதி அவருடைய முழங்காலில் இருந்தது.

அன்று பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் நாலு தடவை ஏறி இறங்கிவிட்டு, பள்ளிக்கூட வாசலில் மகளை அழைத்துக்கொண்டு பல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அது நாலாவது மாடி. லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. வேறு கம்பெனி லிஃப்ட், தொடக்கூடாது. அட்டையை ஒரு மரியாதைக்குப் பார்த்துவிட்டுப் படியில் கால் வைத்தார்.

"இதை ஏன்ப்பா நீ சரி பண்ணல?"

"இது என்னோடது இல்ல கண்ணு."

"டாக்டரம்மா மட்டும் எல்லார் பல்லையும் பண்றாங்க."

அவளுக்கு ஆறு வயது. வீட்டில் குண்டூசி என்று பெயர். உருவத்துக்கும் பொருந்தும், பேச்சுக்கும் பொருந்தும்.

குண்டூசியின் கடைவாய்ப் பால் பல் ஒன்று உள்ளே சொத்தையாகி, இரண்டு தடவை கன்னம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. இரண்டு தடவையும் மருந்து கொடுத்து இறக்கினார்கள். பல்லின் உள்ளே சுத்தம் செய்து, மேலே எஃகில் ஒரு தொப்பி மாட்ட வேண்டும். "பால் பல்தானேம்மா, விழப்போறதுதானே?" என்று அவர் முதல் நாளே கேட்டுப் பார்த்தார்.

"விழும். ஆனா நாலஞ்சு வருஷம் கழிச்சு," என்றார் டாக்டரம்மா. "அடியில வரப்போற பல்லுக்கு இதுதான் துண்டு போட்டு இடம் பிடிச்சு வெச்சிருக்கு. இப்பவே எடுத்தா பக்கத்துல இருக்கிறதுங்க சாஞ்சு உக்காந்துக்கும். இன்னொரு தடவை வீங்கிச்சுன்னா எடுக்கிறதைத் தவிர வழியில்ல."

பிள்ளைகளின் பல் வைத்தியத்தில் ஒரு முறை உண்டு. முதலில் சொல்ல வேண்டும், பிறகு காட்ட வேண்டும், அப்புறம்தான் செய்ய வேண்டும். டாக்டரம்மா சொன்னார். பிறகு, பல் முளைத்த ஒரு துணிக் குரங்கின் வாயில் கண்ணாடியை விட்டுக் காட்டினார்.

"குரங்குக்கு வலிக்காது," என்றாள் குண்டூசி. "அப்பாவுக்குக் காட்டுங்க."

அங்கே பிடித்தது சனி. டாக்டரம்மா அப்பாவின் வாயைத் திறந்து பார்த்தார். பழைய ஊர் ஒன்றைத் தோண்டி எடுத்தவர்போல நின்றார். ஒரே சமயத்தில் ஏழு பற்களுக்கு வேலை கிடந்தது. காட்டுவதற்கு இதைவிட வசதியான வாய் கிடைக்காது என்று வாரம் ஒன்றாகக் காட்டத் தொடங்கினார். சுத்தம் செய்வதைக் காட்டினார், அடைப்பதைக் காட்டினார், ஊசியைக் காட்டினார், வேர்வரைக்கும் போய்க் காட்டினார்.

குண்டூசி வாயைப் பார்க்கவே இல்லை. நாற்காலியின் கால்மாட்டில் குந்தி, அப்பாவின் பாதத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். செருப்பு, பூட்ஸ் எல்லாம் வாசல் அலமாரியிலேயே கழற்றிவிட வேண்டிய ஆஸ்பத்திரி அது.

"வலிச்சுதாப்பா?"

"துளிகூட இல்ல."

"பொய். கட்டை விரல் மடங்குச்சு. மடங்காத அன்னிக்கு நான் உக்காருறேன்."

அடுத்த வாரம் அவர் இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார். "கழட்டு," என்றாள். அதற்கு அடுத்த வாரம் மனத்தை அடக்கிப் பார்த்தார். மனம் அடங்கியது, விரல் அடங்கவில்லை. லிஃப்டின் கூரைமேல் நின்று வேலை பார்க்கும்போதெல்லாம் பூட்ஸுக்குள் விரலை நேராக வைத்துப் பழகினார். ஒரு கட்டடத்தில் அந்த யோசனையிலேயே ஐந்தாவது மாடிப் பொத்தானை ஏழாவதுக்கு இணைத்துவிட்டார். ஐந்தாம் மாடிக்காரர்கள் இன்றைக்கும் இரண்டு மாடி இறங்கித்தான் வீட்டுக்குப் போகிறார்களாம்.

வீட்டில் மனைவி அவர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தாள். "உங்களுக்குப் புதுமாப்பிள்ளை பல்லு வந்துடுச்சு. பிள்ளைக்கு?"

பதினாலு மாடி ஏறி இறங்கிவிட்டு வந்த அன்று ஏழாவது வாரம், ஏழாவது பல். காலையில் சாப்பிடும்போது குண்டூசி அந்தப் பக்கக் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருந்தார். அதை அவள் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

"இதுதான் கடைசி," என்றார் டாக்டரம்மா. அவர் காலையிலிருந்து பத்தொன்பது பிள்ளைகளைப் பார்த்திருந்தார். அவர்களில் நாலு பேர் கடித்திருந்தார்கள். "இதுக்கு மேல உங்க வாயில காட்டறதுக்கு ஒண்ணும் இல்லீங்க."

"இன்னிக்கு நேரா வெச்சுக்கறேன் டாக்டர்."

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க," என்றாள் நர்ஸ்.

நாற்காலி சாய்ந்தது. பதினாலு மாடியும் ஒரே மூச்சில் அவர் கண்ணிமைமேல் வந்து உட்கார்ந்தன. விரல், விரல் என்று நினைத்தார். கட்டை விரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யோசித்தார். அத்தோடு சரி.

அதன் பிறகு நடந்தது நர்ஸ் அவரிடம் சொன்னது. பாதியைத் தள்ளிவிட்டு மீதிதான் இங்கே இருக்கிறது.

டாக்டரம்மா பல்லைக் குடைந்து முடித்து மெஷினை நிறுத்தினாராம். சத்தம் நிற்கவில்லை. மறுபடி நிறுத்தினார். நிற்கவில்லை. நர்ஸ் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். அப்போதும் நிற்காததால்தான் அது குறட்டை என்று தெரிந்தது.

கால்மாட்டில் குண்டூசி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து விரலும் தாயிடம் பால் குடித்துவிட்டுத் தூங்கும் நாய்க்குட்டிகள் மாதிரி சாய்ந்து கிடந்தன. கட்டை விரலைத் தொட்டாள். கிள்ளினாள். அது பாட்டுக்குக் கிடந்தது.

"மடங்கல," என்றாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சரி. எனக்குப் பண்ணுங்க."

"அப்பாவை எழுப்பறேன், இரு."

"வேணாம்! பாவம், தூங்கட்டும். எழுப்பினா மடக்கிடுவாரு."

இருந்தது ஒரே நாற்காலி. "ஒரு நிமிஷம்," என்று குண்டூசி வாசலுக்கு ஓடிவிட்டுத் திரும்பி வந்தாள். பிறகு அப்பாவின் வயிற்றின்மேல் ஏறி மல்லாந்து படுத்து வாயைத் திறந்தாள். அப்பா மூச்சு இழுத்தால் பிள்ளை மேலே போனாள். விட்டால் கீழே வந்தாள். டாக்டரம்மா அவள் கீழே வரும்போதெல்லாம் குடைந்தார், மேலே போகும்போதெல்லாம் கையை எடுத்தார். இருபது வருட அனுபவத்தில் ஓடுகிற லிஃப்டுக்குள் வைத்தியம் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று சொன்னாராம்.

அவர் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். எதிரே குண்டூசி நின்றிருந்தாள். மரத்துப்போன உதடு ஒரு பக்கமாகத் தொங்க, கடைவாயில் புது எஃகு மின்னியது.

அவர் பதறி எழுந்தார். "ஐயோ, நான் தூங்கிட்டேனா! முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சுது. இனி நாலஞ்சு வருஷத்துக்குப் பயமில்ல," என்றார் டாக்டரம்மா. "சத்தமே போடல உங்க பொண்ணு."

"வலிச்சுதாடா கண்ணு?"

"துளிகூட இல்ல," என்றாள், தொங்குகிற உதட்டோடு.

ஏழு வாரமாக ஒரு பாடத்தையே படித்தவர் அவர். பார்வை தானாகவே கீழே போனது. குண்டூசியின் காலில் அவருடைய வேலை பூட்ஸ் இருந்தது. முன்பக்கம் இரும்புத் தகடு வைத்தது. லிஃப்டே மேலே விழுந்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது.

"பூட்ஸை ஏன் போட்டே?"

"தரை சில்லுன்னு இருந்துச்சு."

டாக்டரம்மா கழுவின கையை மறுபடியும் கழுவினார்.

அப்பா கழற்றச் சொல்லவில்லை. "இதோட இறங்கிடுவியா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். நாலு மாடிப் படியிலும் டொக்கு டொக்கென்று முன்னால் அவள் இறங்க, பின்னால் அவர் வெறுங்காலோடு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இறங்கினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் முழங்கால் பளீரென்று ஒரு இழுப்பு இழுத்தது. நின்றுவிட்டார்.

குண்டூசி திரும்பிப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"மடங்குதுப்பா."

"தரை சில்லுன்னு இருக்குடி," என்றார்.