அறுபத்திரண்டு எட்டு

காலை ஏழரை மணிக்கே டிரில் டீச்சர் மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அடியில் ஆணியால் துளை போட்ட பழைய பால் டப்பா அவள் கையில். தட்டத் தட்ட வெள்ளைக் கோடு நீண்டது. தொடக்கக் கோடு முடிந்ததும் நிமிர்ந்து, மூச்சை இழுத்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணியபடி நடந்தாள். அறுபத்திரண்டு எட்டு வைத்தால் ஐம்பது மீட்டர். அளவு நாடா இருந்த காலத்தில் எத்தனையோ முறை சரிபார்த்த கணக்கு. நாடா அறுந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. புதிது கேட்டு அவள் எழுதிய மூன்று கடிதங்களும் எந்தக் கோப்பில் குறட்டை விடுகின்றனவோ!

பின்னாலேயே மூன்றாம் வகுப்பு வாலு எண்ணிக்கொண்டு வந்தாள். பதிவேட்டில் அவளுக்கு நல்லதாக ஒரு பெயர் உண்டு. ஆனால் ஒரு நிமிஷம் சும்மா நிற்காத பிள்ளையை யார் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்?

"டீச்சர், இன்னைக்கு ஆபீசர் வர்றாராமே? எனக்கு மெடல் தருவாரா?"

"முதல்ல ஷூ லேஸைக் கட்டுடி. விழுந்து வச்சா மெடல் இல்ல, கட்டுதான்."

கட்டு என்றதும் டீச்சரின் கை தானாக இடது முழங்காலைத் தொட்டது. கால்சட்டைக்குள் கட்டுத்துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அதைச் சுற்றிவிடுவது வீட்டுக்காரரின் வேலை. "ஊர்ப் புள்ளைங்களை எல்லாம் ஓடவிடுற. உன்னைக் கட்டில்லேர்ந்து நான் தூக்கி விடுறேன். நல்லா இருக்கு உன் டிரில்!" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சுற்றும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் ஆண்டு விழாவுக்குத் துணி பேனர் கட்டச் சொன்னார்கள். அது அவள் வேலையே இல்லை. ஏறினாள், ஏணி சரிந்தது. அன்று பெரிய டீச்சர்தான், அதாவது தலைமை ஆசிரியை, பதறி ஓடி வந்து தூக்கினார். பிறகு காதோரம் சொன்னார்: "விபத்துப் பதிவேட்டுல எழுதினா விசாரணை, அது இதுன்னு இழுத்துடுவாங்கம்மா. ஸ்கூல் பேரு கெட்டுடும். தைலம் தடவி ரெண்டு நாள் படுங்க, சரியாப் போயிடும்." அவளும் தலையாட்டினாள். வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால்தான் வேலை. அந்தத் தாளில் 'முழு உடற்தகுதி உள்ளவர்' என்று ஒரு வரி இருக்கிறது.

அதற்கப்புறம் ஓர் அதிசயம் நடந்தது. பிள்ளைகளின் ஓட்ட நேரம் மளமளவென்று குறைந்தது. நாற்பது பள்ளிகளில் இவர்களின் மூன்றாம் வகுப்புதான் முதல். 'ஆரோக்கியப் பள்ளி' என்று கேடயமே வந்துவிட்டது. பாவி மகள், பூரித்துப்போய் அன்று வீட்டுக்கு ஒரு கிலோ இனிப்பு வாங்கிக்கொண்டு போனாள்.

பத்து மணிக்கு ஓட்ட நேரங்களைச் சரிபார்க்க அதிகாரி வந்தார். தோள்பையிலிருந்து புத்தம் புது நாடாவை எடுத்தார். ஒரு முனையைப் பெரிய டீச்சர் பிடித்தார். மறுமுனையில் குனிந்து பார்த்த அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நாப்பத்து மூணு மீட்டர்தான் இருக்கு, டீச்சர்."

நாடா பொய் சொல்லாது. எண்ணிக்கையும் தப்பவில்லை. அப்படியானால்? ஒரு நொடிதான். முழங்கால் தானே பதில் சொன்னதுபோல விண்ணென்று வலித்தது.

"இன்னைக்கு எண்ணிக்கை தவறியிருக்கும். இல்லையா டீச்சர்?" என்றார் பெரிய டீச்சர். வாய்தான் கேட்டது, கண், ஆமாம் என்று சொல்லு என்றது.

"இருக்கலாம்," என்றார் அதிகாரி. "எங்க, ஒரு தடவை நடந்து காட்டுங்க."

அவள் தொடக்கக் கோட்டில் நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு எட்டி எட்டி வைத்தால் ஐம்பதைத் தொட்டுவிடலாம். கேடயம் தங்கும், வேலையும் தங்கும். அடுத்த வாரம்தான் ஒப்பந்தக் கையெழுத்து. மகனுடைய படிப்புக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அகலமாக வைத்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது.

"டீச்சர், தப்பு தப்பு!" வாலு வரிசையைவிட்டு ஓடி வந்தாள். "இப்படி வைக்க மாட்டீங்களே! நம்ம எட்டு இது இல்லையே!"

ஏழாவது எட்டில் டிரில் டீச்சர் நின்றுவிட்டாள். குழந்தையின் தலையில் கைவைத்து உடம்பைத் தாங்கிக்கொண்டாள். கோபம் வரவில்லை.

"அவ சொல்றதுதான் சரி, சார்," என்றாள். "எனக்கு முட்டி போயிடுச்சு. எட்டு குறுகிப் போனது எனக்கே தெரியல. புள்ளைங்க மேல தப்பு இல்ல சார். அதுங்க நிஜமாவே உயிரைக் குடுத்து ஓடுச்சுங்க."

"எப்ப அடிபட்டுச்சு? எங்க?"

"இங்கதான் சார். பேனர் கட்டும்போது."

அதிகாரி விபத்துப் பதிவேட்டைக் கேட்டார். பெரிய டீச்சரே எடுத்து வந்து நீட்டினார். பக்கங்கள் சுத்தமாக இருந்தன. அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதுல ஒண்ணுமே இல்லையேம்மா," என்றார் வருத்தமாகத்தான். பெரிய டீச்சர் கேடயம் மாட்டியிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறு வாரம் தன் விசிலையும் அலமாரிச் சாவியையும் ஒப்படைக்க அவள் பள்ளிக்கு வந்தாள். உடற்தகுதி இல்லாததால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று கடிதம் இரண்டே வரியில் இருந்தது. எழுத்தர் சாவியை வாங்கி மேசையில் வைத்தார். அதன் பக்கத்தில் பிரிக்காத உறையோடு புது அளவு நாடா இருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"முந்தாநாள் டீச்சர். ஆபீசர் கேட்ட மூணாம் நாளே அனுப்பிட்டாங்க!"

வாசற்படியில் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினாள். இடைவேளை மணி அடித்திருந்தது. மைதானத்து மூலையில் வாலு ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்துவிட்டு, பந்தயத்துக்குத் தூரம் அளந்துகொண்டிருந்தாள். பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஒருத்தி முகத்திலும் கேலி இல்லை. எண்ணிக்கை தவறக் கூடாதே என்ற கவனம்தான்.

"அறுபது... அறுபத்தொண்ணு..."

எல்லோரும் வலது காலை எடுத்து வைத்தார்கள். இடது காலை மெல்ல இழுத்து அதன் பக்கத்தில் கொண்டுவந்தார்கள்.