எந்தப் பக்கம் பதக்கம்

பட்டாளத்தில் அவரைக் கரண்டி என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்று வீடு வந்த பிறகு தெருக்காரர்கள் மரியாதைக்கு ஒரு வாலைச் சேர்த்துக் கரண்டியார் ஆக்கினார்கள். ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். எதற்கும் அசர மாட்டார். இடது எது, வலது எது என்று கேட்டால் மட்டும் முகம் வெளிறிவிடும்.

பயிற்சிக் காலத்தில் மொத்த அணியும் இடப்பக்கம் திரும்ப, இவர் ஒருவர் மட்டும் வலப்பக்கம் திரும்பி, பக்கத்து ஆளோடு மூக்கு உரச நின்றிருக்கிறார். அதுவும் அடிக்கடி. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன பயிற்சியாளர் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உன்னை வெச்சுக்கிட்டு என்னால முடியாதுப்பா. நேரா போகத் தெரியுமில்ல? அதோ சமையல்கூடம். நேரா போ."

நேராகப் போனவர் ஓய்வு பெறும்வரை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. பனியிலும் மணல்காற்றிலும் எத்தனையோ முகாம்களில் அண்டா ஏற்றி இறக்கினார். நான்கு பதக்கங்கள் கிடைத்தன. மூன்று, அங்கங்கே இருந்ததற்காகக் கொடுத்தவை. நான்காவது, எதிரி சூழ்ந்து துண்டித்துவிட்ட ஒரு காவல்நிலைக்குச் சூடான சாப்பாட்டை முதுகில் சுமந்து சேர்த்ததற்காகக் கொடுத்தது. "தைரியமெல்லாம் இல்லைங்க. எங்க முகாமுக்குத் திரும்பி வரலாம்னுதான் நடந்தேன். வழி மாறிப் போச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். யாரும் நம்ப மாட்டார்கள். அதுதான் உண்மை.

இந்த வருஷம் வீரர் நினைவுக் கூட்டத்துக்கு அவருக்கும் அழைப்பு வந்தது. 'சாதாரண உடையில், பதக்கங்களுடன் வரவும்' என்று அடியில் போட்டிருந்தது. சீருடையில் இருந்த காலத்தில் பதக்கத்தைக் குத்திவிடப் பக்கத்துக் கட்டில்காரன் இருந்தான். கோட்டில் எப்படிக் குத்துவது? பழைய சிநேகிதர் ஒருவருக்குப் போன் போட்டார்.

"ரிப்பன் பட்டையை மட்டும் குத்திக்கிட்டு வந்துராத, அது சீருடைக்கு. கோட்டுக்கு முழுப் பதக்கம். எல்லாம் ஒரே வரிசையில, ஒரே பட்டையில இருக்கணும். பெரிய பதக்கம் பொத்தான் பக்கம் வரணும். மேல்பாக்கெட்டுக்குக் கொஞ்சம் மேல. இடது மார்பு. கூட்டம் முடிஞ்சதும் கழட்டிரு, அதோட கடைத்தெருவுல சுத்தாத" என்று அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

கரண்டியார் அதை அப்படியே மனைவியிடம் ஒப்பித்தார். அந்த அம்மாளுக்குக் கார், பஸ் இருக்கைகளுக்கு உறை தைக்கிற தொழில். அவர் போட்ட தையல் பிரிந்ததாகச் சரித்திரம் கிடையாது. இருக்கை கிழியும், தையல் நிற்கும். மறுநாள் காலை கோட்டை ஜன்னல் கம்பியில் தன்னைப் பார்த்தாற்போல மாட்டிவைத்து, நைலான் நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னங்க, எந்தப் பக்கம் சொன்னீங்க?"

குளியலறையில் முகத்தில் சோப்பு நுரையோடு நின்றவர் குரல் கொடுத்தார். "இடது!"

"உங்க இடதா, என் இடதா?"

"இடதுல என்னம்மா உங்க இடது எங்க இடது? இடதுன்னா இடதுதான்!"

அந்த அம்மாள் தன் இடது கைப் பக்கம் இருந்த பாக்கெட்டுக்கு மேல் பட்டையை வைத்து அழுத்தித் தைத்தார். வேறு கோட்டாக இருந்தால் மேல்பாக்கெட் ஒரு பக்கம்தான் இருக்கும், அதைப் பார்த்தாவது விழித்திருக்கலாம். மகள் கல்யாணத்துக்காகத் தைத்த கோட்டு அது. எந்தக் கை எங்கே போனாலும் ஒரு பாக்கெட் தட்டுப்படட்டும் என்று கரண்டியார் அப்போதே இரண்டு பக்கமும் வைக்கச் சொல்லியிருந்தார். தையல் முடிந்ததும் கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றார். எதிரே நிற்கிற சிப்பாய் மார்பில் பதக்கம் எந்தப் பக்கம் தெரியுமோ, கண்ணாடியிலும் அந்தப் பக்கமே தெரிந்தது. அவருக்குத் திருப்தி.

மண்டபத்தில் நல்ல கூட்டம். மனைவி குடையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். வாசலில் நின்ற இளம்பெண் ஒருத்தி கரண்டியாரின் மார்பைப் பார்த்தாள். அவள் குரல் சட்டென்று தணிந்தது.

"உங்களுக்கு முன்வரிசையில இடம் வெச்சிருக்கோம் ஐயா. மெதுவா வாங்க."

கரண்டியாருக்குத் தலைகால் புரியவில்லை. சமையல்காரனுக்கு முன்வரிசை! அடுப்புப் புகையெல்லாம் வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்து, ராஜநடை நடந்து போய் உட்கார்ந்தார்.

கூட்டத்தை நடத்துகிற மேஜர் அம்மா அவரிடம் வந்து, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்த உடம்பு, கறுப்புக் கோட்டு, அதில் வரிசை பிசகாத பதக்கங்கள்.

"தாங்கிக்கிறது கஷ்டம்தான்" என்றார் மேஜர் அம்மா. "போகப் போகத்தான் பழகும்."

கோட்டு வயிற்றைப் பிடிப்பது வெளியே தெரிந்துவிட்டதே என்று கரண்டியாருக்கு வெட்கமாகப் போயிற்று.

"ஆமாங்க மேடம். ரொம்ப முடியலைன்னா ஒரு பொத்தானைக் கழட்டி விட்டுக்கறேன்."

மேஜர் அம்மா ஒரு கணம் அவரையே பார்த்தார். துக்கத்தில் மனிதர்கள் என்னென்னவோ பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தோளில் லேசாகத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

அடுத்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஒரே ஒரு பதக்கம் குத்தியிருந்தாள். மடியில் வைத்திருந்த கைகள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

"எங்க அண்ணனோடது" என்றாள், அவர் கேட்காமலே. "அம்மாதான் வரவேண்டியது. என்னால முடியாதுன்னு சொல்லிட்டாங்க. மேடையில போய் அவன் பேரைச் சொல்லிட்டுப் பூ வைக்கணுமாம். குரல் வருமான்னே தெரியலை." சற்று நிறுத்தி, "உங்களுக்கு யாருங்க ஐயா?" என்று கேட்டாள்.

"எனக்கா? எனக்கு வீட்டுக்காரி இருக்காம்மா."

அவள் கண் கலங்கியது. "ஐயோ. எப்ப?"

"இப்பதான். முகம் கழுவப் போயிருக்கா."

அவள் விழித்தாள். பிறகு அவருடைய கோட்டைக் காட்டி மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப இது யாரோட பதக்கம்?"

"என்னோடதும்மா. நானே வாங்கினது."

"ஐயா, நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கிறேன். இடது கண்ணு, வலது கண்ணுன்னு நாளெல்லாம் சொல்லிக்கிட்டே இருக்கிறவ. நீங்க குத்தியிருக்கிறது வலது பக்கம். சொந்தப் பதக்கம்னா இடது பக்கம். இறந்துபோன சொந்தக்காரங்களோடதுன்னாதான் வலது பக்கம். இங்க உட்கார்ந்திருக்கிற எல்லாரையும் பாருங்க."

கரண்டியார் பார்த்தார். முன்வரிசை முழுக்க வலது பக்கம். அந்தப் பக்கம் ஒரு கிழவர், அதற்கப்பால் தாயும் மகளும். வாசலில் நின்ற பெண்ணின் தணிந்த குரல், மேஜர் அம்மாவின் இரண்டு கை, எல்லாம் இப்போது விளங்கியது. அவருக்கு வியர்த்துவிட்டது.

"அப்படின்னா கணக்குப்படி நான் செத்துட்டேன்."

"நீங்க இல்லைங்க ஐயா, உங்க சொந்தக்காரர் யாரோ."

"என் பதக்கத்துக்கு என்னைவிட நெருங்கின சொந்தம் யாரும்மா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. கரண்டியார் குனிந்து பட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். நைலான் நூல். மனைவி கைத்தையல். கோட்டு கிழிந்தாலும் கிழியும், அது வராது. கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றால் உள்ளே சட்டையில் முழங்கைக் கிழிசல். பின்வரிசைக்கு ஓடிவிடலாம் என்று எழுந்தார். அவள் அவருடைய கோட்டு நுனியைப் பிடித்தாள்.

"போகாதீங்க ஐயா. எனக்கு முன்னாடி நீங்கதான் போகணும். நீங்க இருந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்."

அதற்கு மேல் நகர அவருக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

பெயர் சொல்லும் நேரம் வந்தது. கிழவர் போய்த் தன் தம்பி பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். தாயும் மகளும் போய் வந்தார்கள். மேஜர் அம்மா கரண்டியாரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் ஒலிவாங்கியின் முன்னால் போய் நின்றார். பொய்யாக ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு நொடி வந்தது. இறந்தவர்கள் இருக்கிற இடத்தில் நின்றுகொண்டு அதைச் செய்ய நாக்கு எழவில்லை.

"எல்லாரும் மன்னிக்கணும்" என்றார். "நான் பட்டாளத்துல சமையல்காரன். இந்தப் பதக்கம் என்னோடது. நான் உயிரோடதான் இருக்கேன். எனக்கு இடது வலது தெரியாது. அவ்வளவுதாங்க விஷயம்."

முன்வரிசைக் கிழவர்தான் முதலில் கனைத்தார். கனைப்பு இருமலாகி, இருமல் சிரிப்பாகிவிட்டது. அவ்வளவுதான், மடை திறந்தாற்போல மண்டபமே சிரித்தது. மேஜர் அம்மா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். தோள் குலுங்கிக் காட்டிக்கொடுத்தது.

"உயிரோட இருக்கிறதுக்கு மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றார் அவர். "ஆனா ஒழுங்கு ஒழுங்குதான். இதே கோலத்துல உங்களை அனுப்ப மாட்டேன். இதை யார் தைச்சாங்க?"

"நான்தாங்க!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. கைப்பையைத் திறந்தபடியே கரண்டியாரின் மனைவி நாற்காலிகளுக்கு நடுவே விடுவிடுவென்று வந்தார். தையல் பிரிக்கிற சின்னக் கத்தி அவர் பையில் எப்போதும் இருக்கும். "உங்க இடதா என் இடதான்னு தெளிவா கேட்டேன். கேட்டேனா இல்லையா? சொல்லுங்க எல்லார் முன்னாடியும்!"

"கேட்டம்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இடதுன்னா இடதுதான்னேன்."

மறுபடியும் சிரிப்பு. அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நூலை அறுத்தார். மேஜர் அம்மாவே பட்டையை வாங்கி, கரண்டியாரின் இடது மார்பில் வைத்து, தலையைச் சாய்த்து மட்டம் பார்த்து, நான்கு ரிப்பன்களையும் விரலால் நீவிவிட்டு ஊசி குத்தினார். பிறகு ஓர் அடி பின்னால் போய் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். கரண்டியார் பதிலுக்குக் கையைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் சந்தேகம் வந்து மனைவியைப் பார்த்தார்.

"சரியான கைதான்" என்றார் மனைவி.

கரண்டியார் அங்கேயே ஓரமாக ஒதுங்கி நின்றார். அடுத்தது அந்தப் பெண்ணின் முறை. சிரிப்பு இன்னும் முழுக்க அடங்காத மண்டபத்தில் அவள் எழுந்து வந்தாள். அண்ணன் பெயரைச் சொன்னாள். கடைசி வரிசைவரை கேட்டது. சொல்ல வேண்டியது அவ்வளவுதான், ஆனால் அவள் போகவில்லை.

"எங்க அண்ணன் இருந்திருந்தா இப்ப இங்கேயே ரொம்பச் சத்தமா சிரிச்சது அவனாத்தான் இருக்கும்" என்றாள். "அவன் சிரிச்சா நாற்காலி ஆடும்." அதன் பிறகே பூவை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டபோதும் முகத்தில் சிரிப்பு இருந்தது.

கூட்டம் முடிந்து தேநீர் கொடுத்தார்கள். சிநேகிதர் சொன்னபடி கரண்டியார் பதக்கங்களைக் கழற்றி மனைவியின் பையில் போட்டார். அந்தப் பெண் தன் கோப்பையோடு அவரிடம் வந்தாள்.

"ஐயா, உங்களுக்கு எங்க அண்ணனைத் தெரிஞ்சிருக்காது."

"தெரியாதும்மா. அவன் இருந்த பக்கம் நான் போனதில்லை."

"பரவாயில்லை. எனக்கு ஒண்ணு கேக்கணும். போன்ல பேசுறப்பெல்லாம் நல்லா சாப்பிடறேன், நல்லா சாப்பிடறேன்னே சொல்வான். அம்மா அதை நம்பவே மாட்டாங்க. நிஜமா அங்க நல்லா சாப்பிட்டிருப்பானா?"

கரண்டியார் கோப்பையைக் கீழே வைத்தார். இந்த விஷயத்தில் அவருக்கு எந்தக் குழப்பமும் கிடையாது.

"பொய் சொல்லக்கூடாது. பனியில பருப்பு வேகாது, அரைவேக்காட்டுலதான் இறக்குவோம். வாரத்துல ஒருநாள் ரொட்டி கருகும், அன்னிக்கு என் பரம்பரையே சந்திக்கு வரும். ஆனா பயலுங்க தட்டைத் துடைச்சு வெச்சிட்டுப் போவானுங்க. சூடா இருந்தா போதும் அவனுங்களுக்கு. நடுவுல நாலு பேர் உட்கார்ந்து ஒருத்தனை ஓட்டிக்கிட்டே சாப்பிடறப்போ, அரைவேக்காடுன்னு நாக்குக்கே தெரியாது. உங்க அண்ணன் நாற்காலி ஆடச் சிரிக்கிறவன்னு சொல்றியே, அந்த மாதிரி ஒருத்தன் இருக்கிற பந்தியில எனக்கு ரெண்டாம் தடவை அண்டா ஏத்தணும். நல்லாத்தான் சாப்பிட்டிருப்பான். அம்மாகிட்ட தைரியமா சொல்லு."

"நீங்களே வந்து சொல்லுங்களேன். நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

கரண்டியார் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் ஏற்கெனவே குடையை எடுத்துவிட்டிருந்தார்.

"பக்கம்தானேம்மா வீடு?" என்று கேட்டார்.

"இந்தத் தெரு முனையில திரும்பினா மூணாவது வீடு."

"எந்தப் பக்கம் திரும்பணும்னு எங்கிட்ட மட்டும் சொல்லு, அவர்கிட்ட சொல்லாத" என்றபடி அந்த அம்மாள் முன்னால் நடந்தார். மூன்று பேரும் மண்டபத்துப் படியிறங்கினார்கள். அந்தப் பெண் கரண்டியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் சின்ன வயதில் வீட்டுக் கூரையில் ஏறி இறங்கத் தெரியாமல் முழித்த கதையை, தெருமுனை வருவதற்குள் பாதி சொல்லிவிட்டாள்.