மாப்பிள்ளைக்குக் கொடுத்தது அதிகம்

தடதடவென்று கடையே அதிர்ந்தது. பேரிங் போன வாஷிங் மெஷின் ஒன்று முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இடத்தை விட்டுக் கிளம்பி, வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தது. மெக்கானிக் அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, இடுப்பால் முட்டுக் கொடுத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பக்கத்து பேக்கரி அக்கா, மாவு அப்பிய கையோடு உள்ளே பாய்ந்து வந்தாள்.

“அண்ணே! குடுத்துட்டாங்கண்ணே! ரெண்டு பேரையும் குடுத்துட்டாங்க!”

“யாரை?”

“சுவரையும் சிட்டையும்!”

மெக்கானிக் பிடியை விட்டுவிட்டார். அவருடைய ஃபுட்பால் டீமின் இரண்டு ஆட்டக்காரர்களுக்கு ரசிகர்கள் வைத்த பெயர்கள் அவை. மெஷின் இன்னும் கொஞ்ச தூரம் நடந்து, பிளக்கைத் தானே பிடுங்கிக்கொண்டு, ஒரு பெருமூச்சோடு அடங்கியது.

பேக்கரி அக்காவுக்கு மைதானத்தில் ‘விசில்’ என்று பெயர். இரண்டு விரலை வாயில் வைத்து அவள் ஊதினால் எதிரணி கோல்கீப்பர் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பார். அப்படித் திரும்பியதில் ஒரு கோலே விழுந்திருக்கிறது என்று அவள் சொல்லிக்கொள்வதுண்டு. மெக்கானிக்கும் அவளும் பக்கத்துப் பக்கத்துக் கடை, பக்கத்துப் பக்கத்து ஸீட், ஒரே சிவப்பு ஜெர்சி. எந்த விஷயத்திலும் ஒரே கருத்து மட்டும் கிடையாது.

“யாருக்குக் குடுத்தாங்க?”

“அக்கரைக்கு.”

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டீம். நீல ஜெர்சி. மெக்கானிக் தன் கடையில் நீலக் கலர் வாளிகூட வைத்துக்கொள்வதில்லை.

“பதிலுக்கு?”

“ஒரே ஒரு ஃபார்வர்டு.”

“வயசு?”

“முப்பத்திமூணு.”

“முப்பத்திமூணா! அவன் ஓடி கோல் போஸ்ட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள லைட்டை அணைச்சுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பாங்களே!”

“எனக்கென்னமோ லாபம்னுதான் தோணுது” என்றாள் விசில், ஒரு பழைய டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து. “நமக்கு என்ன குறை? பந்து கோல் வரைக்கும் போகுது, உள்ள தள்ளத்தான் ஆளில்லை. போன சீசன் பூரா கம்பத்தையே அடிச்சோம். அந்தக் கம்பத்துக்கு ஒரு ஜெர்சி மாட்டி விட்டிருக்கலாம்.”

“அதுக்காக வீட்டுக் கதவைக் கழட்டிக் குடுத்துட்டு ஜன்னலுக்குத் திரை வாங்கிட்டு வருவாங்களா?”

“கதவு கீல் முனக ஆரம்பிச்சு நாளாச்சுண்ணே. போன மேட்ச்ல சுவர் திரும்பினதைப் பார்த்தீங்கல்ல? லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி.”

“சுவரைப் பத்திப் பேசினா எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிட்டேன். சரி, சிட்டு என்ன பாவம் பண்ணுச்சு? சின்ன வயசு, எவ்வளவு வேகம்!”

“வேகம்தான். எங்க போகுதுன்னு அதுக்கே தெரியாது. கோட்டைத் தாண்டி விளம்பரப் பலகையில மோதினாத்தான் நிக்கும்.”

மெக்கானிக்கின் மூக்கு சிவந்தது. இனி இவளோடு பேசிப் பயனில்லை. நியாயம் தெரிந்தவர்கள் ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சிவப்பு ரசிகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக யார் வந்து சேர்ந்தாலும், முதல் கோல் போடும் வரைக்கும் அவருக்குப் பெயர் கிடையாது, ‘மாப்பிள்ளை’தான். விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருக்கிறார், இன்னும் வீட்டுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம். கோலே போடாத ஒரு டிஃபெண்டர் கடைசிவரை மாப்பிள்ளையாகவே இருந்து ஓய்வு பெற்ற கதையும் உண்டு. இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவரே நம் மெக்கானிக்தான்.

இரண்டு கையிலும் கிரீஸ். அதனால் அவர் போனை எப்போதும் மடக்கிய விரலின் முட்டியால்தான் இயக்குவார். அப்படியே தட்டினார், குரூப்பைத் திறந்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

“எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க. மாப்பிள்ளை விஷயத்துல நாம ஏமாந்துட்டோம். குடுத்தது ரொம்ப ரொம்ப அதிகம். வயசு முப்பத்திமூணு. முட்டி வேற சரியில்லை, நடையைப் பார்த்தாலே தெரியுது. ரெண்டு சீசனா உருப்படியா ஒண்ணும் பண்ணினதில்லை. அங்க யாருக்கும் வேண்டாம்னுதான் நம்ம தலையில கட்டிட்டாங்க. பார்த்துப் பார்த்து வளர்த்த ரெண்டையும் தூக்கிக் குடுத்துட்டு, இதைக் கொண்டுவந்து நடுவீட்டுல உக்கார வெக்கணுமா? என்னைக் கேட்டா, இப்பவே திருப்பி அனுப்பிடறது நல்லது!”

“பேச்சு பிரமாதம்ணே. ஆனா நான் மறுத்துப் பதில் போடப்போறேன்” என்று விசில் தன் போனை எடுத்தாள். பார்த்தாள். மறுபடி பார்த்தாள். “இங்க ஒண்ணும் வரலையே?”

“அனுப்பிட்டேனே.”

அவள் எழுந்து வந்து அவர் போனை எட்டிப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

“அண்ணே... நம்ம குரூப் பேரு ‘சிவப்புக் குடும்பம்’. இதுல ‘நம்ம குடும்பம்’னு போட்டிருக்கு. இது யாரு?”

மெக்கானிக் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். போன வாரம்தான் அவர் மகள் ஆரம்பித்த குரூப் அது. அதில் அவர், அவர் மனைவி, மகள், மகள் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற மிருக டாக்டர், டாக்டரின் அம்மா. டாக்டருக்கு முப்பத்திமூன்று வயதாக இருந்திருக்க வேண்டியதில்லை, இருந்தது. போன மாதம் கன்றுக்குட்டி அளவு நாய் ஒன்று எடை மேடையிலிருந்து அவர் மேல் குதித்திருக்க வேண்டியதில்லை, குதித்தது. அன்றிலிருந்து முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு விந்தி விந்தித்தான் நடக்கிறார்.

கை குலுக்கிய முதல் நாளே மெக்கானிக்குக்குப் பிடித்துப்போன பையன். வாயில்லாத ஜீவன்களோடு பழகிப் பழகி அவரும் வாய் திறக்காமலே இருப்பார். அது ஒன்றுதான் குறை. சரி என்று சொல்ல வைக்க வேண்டியிருந்தது அவருடைய அம்மாவைத்தான். மகள் அதற்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருவழியாக அந்த அம்மா மனசு இளகி, இன்று சாயங்காலம் கல்யாணத் தேதியை முடிவு செய்ய வருவதாக இருந்தது.

“அழிங்கண்ணே, சீக்கிரம்!”

அழித்தார். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று திரையில் வந்தது. அதற்குக் கீழேயே டாக்டரின் அம்மாவிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்து விழுந்தது.

‘கேட்டேன்.’

அடுத்த நிமிடம் மகள் போன் செய்தாள். “அப்பா, என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“அது மாப்பிள்ளையைச் சொல்லலம்மா, மாப்பிள்ளையைச் சொன்னேன்!”

“என்னது?”

“ஃபுட்பால் மாப்பிள்ளைம்மா!”

“அதெல்லாம் என்கிட்ட சொல்லாதீங்க. சாயங்காலம் அத்தைகிட்ட சொல்லுங்க. அவங்க வந்தா!”

வந்தார்கள். மெக்கானிக் குளித்து, முழுக்கைச் சட்டை போட்டு, சோபாவின் ஓரத்தில் பரீட்சை எழுத வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். “மெஷினுக்கெல்லாம் பேரிங் மாத்தறீங்க, முதல்ல உங்க வாய்க்கு ஒண்ணு மாத்துங்க” என்று அவர் மனைவி காதோரம் சொல்லி முடிப்பதற்குள் காலிங் பெல் அடித்தது.

டாக்டர் விந்தி விந்தி உள்ளே வந்தார். மெக்கானிக் அந்தக் காலைப் பார்க்காமல் இருக்க விட்டத்தைப் பார்த்தார். பின்னாலேயே அம்மா வந்தார். வேலையில் இருந்த காலம் முழுக்க ஓடுகிற ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். உட்கார்ந்ததும், டிக்கெட்டுக்குக் கை நீட்டுகிற தோரணையில் ஆரம்பித்தார்.

“பர்ஸ் தொலைஞ்சு போச்சு, டிக்கெட் காத்துல பறந்து போச்சு, குழந்தை முழுங்கிடுச்சு... எல்லாக் கதையும் நான் கேட்டாச்சு. இப்ப உங்க கதையைச் சொல்லுங்க.”

“அது வந்துங்க... ஒரு தப்பு நடந்துபோச்சுங்க.”

“குடுத்தது ரொம்ப அதிகம்னு சொன்னீங்க. நாங்க உங்ககிட்ட ஒரு துரும்பு கேட்டோமா?”

“ஐயையோ, இல்லைங்க!”

“அப்புறம் எதைத் தூக்கிக் குடுத்தீங்க?”

“சுவரைங்க.”

அந்த அம்மா ஹாலின் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். எல்லாச் சுவரும் இருந்தன.

“சிட்டையும் குடுத்துட்டாங்க” என்றார் மெக்கானிக்.

“யாரு சிட்டு? எங்களுக்குக் காட்டினது ஒரே பொண்ணு. நீங்க என்னடான்னா பார்த்துப் பார்த்து ரெண்டு பேரை வளர்த்தேன்னு பேசியிருக்கீங்க. இன்னொண்ணு எங்க வளருது?”

மெக்கானிக்கின் மனைவி மெதுவாகத் திரும்பினாள். “காலையிலேர்ந்து நானும் அதைத்தான் கேட்டுட்டிருக்கேன், சம்பந்தியம்மா” என்றாள்.

நல்லவேளை, அப்போது விசில் ஒரு கேக் பெட்டியோடு உள்ளே நுழைந்தாள். “அம்மா, அண்ணன் வாயால விளக்கம் சொன்னா இன்னும் ரெண்டு கல்யாணம் நிக்கும். இதைக் கேளுங்க” என்று தன் போனை எடுத்து, சிவப்புக் குடும்பத்தில் காலையிலிருந்து குவிந்து கிடந்த குரல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள்.

‘மாப்பிள்ளைக்கு இடது கால் மட்டும்தான்யா வேலை செய்யும்!’ என்றது ஒரு கரகரத்த குரல்.

‘மாப்பிள்ளை பெனால்டி அடிச்சா பார்க்கிங்ல வண்டி கண்ணாடி உடையும்!’ என்றது இன்னொன்று.

‘எங்க மாமியார் வந்தப்பகூட நான் இவ்வளவு வருத்தப்படல!’ என்று ஒரு பெண் குரல் அழாத குறையாகச் சொன்னது.

அம்மாவின் உதட்டோரம் துடித்தது. அடக்கிப் பார்த்தார். ‘மாப்பிள்ளைய வித்துட்டு ரெண்டு கோல் வலை வாங்குங்க’ என்று அடுத்த குரல் வந்ததும், அவர் தோள் குலுங்கச் சிரித்துவிட்டார். விசில் விடவில்லை, டீபாயின் மேல் பிஸ்கட்டை அடுக்கி, எது சுவர், எது சிட்டு, எந்தப் பக்கம் ஆறு என்று காட்டினாள். ஒரு முழு பிஸ்கட்டும் ஒரு கிரீம் பிஸ்கட்டும் போய், ஓரம் உடைந்த ஒரு பிஸ்கட் வந்தது.

“இவ்வளவுதானா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அம்மா. “சரி, உங்க டிக்கெட் செல்லும். தேதியைப் பேசுவோம். அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை எப்படி?”

மெக்கானிக் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அக்கரையோடு மேட்ச். சுவரும் சிட்டும் நீல ஜெர்சியில் வந்து நிற்கப்போகிற முதல் மேட்ச். ஆனால் காலையில் பேசிய பேச்சுக்கு இதுவே பெரிய மன்னிப்பு. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, “தாராளமா...” என்று ஆரம்பித்தார்.

“அன்னிக்கு வேண்டாம்மா!”

சொன்னது டாக்டர். அந்த வீட்டில் அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

“ஏன்டா?”

“அன்னிக்கு... அன்னிக்கு முடியாதும்மா. மறுநாள் ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாமே.”

“கல்யாணத்தைவிட என்ன வேலை அன்னிக்கு?” என்று முணுமுணுத்தாலும், அம்மா ஞாயிற்றுக்கிழமைக்குத் தலையாட்டிவிட்டார். மெக்கானிக்கின் மனைவி கேக்கை வெட்டப் போனாள். மகள் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மெக்கானிக்கின் முகம் பல்பு போட்டது போல மலர்ந்தது. “மாப்பிள்ளை! அன்னிக்கு மேட்ச்னு உங்களுக்குத் தெரியுமா? இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே! ஃபுட்பால் பார்ப்பீங்களா?”

“கொஞ்சம்... பார்ப்பேன் மாமா.”

“அப்ப நான் அனுப்பினதைக் கேட்டதும் புரிஞ்சிருக்கும்!”

“உடனே புரிஞ்சுது. அம்மாகிட்ட விளக்கலாம்னு பார்த்தேன். அப்புறம்... உங்க வாயால கேட்டா நல்லாயிருக்கும்னு விட்டுட்டேன்.”

மெக்கானிக் அவரை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். இப்படி ஒரு ஆள் வீட்டுக்குள்ளேயே கிடைப்பார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. “இந்த விசில் லாபம்கிறா. நான் நஷ்டம்கிறேன். ஒரு நியாயஸ்தர் இல்லாம காலையிலேர்ந்து தவிக்கிறேன். நீங்க சொல்லுங்க. நாம குடுத்தது அதிகமா இல்லையா?”

சோபாவுக்குப் பின்னால் நின்ற மகள், வேண்டாம் வேண்டாம் என்று டாக்டருக்குத் தலையை ஆட்டினாள். டாக்டர் அவளைப் பார்த்தார். தன் முட்டியைப் பார்த்தார். நம்பிக்கையோடு தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மெக்கானிக்கைப் பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை அவருக்கு.

“அதிகம்தான் மாமா. ஆனா நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. சுவரையும் சிட்டையும் அக்கரையில நாங்க நல்லாப் பார்த்துக்கறோம்.”