பஸ் வராத வீடு

"ஏட்டி மணி, முழிச்சிருக்கியா?"

மணி முழிச்சுத்தான் கிடந்தா. அந்த ராத்திரி பொன்முடி எஸ்டேட் லைன் வீடுகள்ல எந்தப் பிள்ளைதான் தூங்கும்? விடிஞ்சா ஜனவரி இருபத்தாறு, தோட்டத்துக்கு லீவு. மலைக்குக் கீழ விதுராவிலருந்து ஜீப்புல டிவியும் கேசட்டு போடுற டெக்கும் வந்து இறங்கும். காலையிலருந்து இருட்டுற வரைக்கும் கிளப்புல படம்.

"நான் ஒரு காரியம் செஞ்சுட்டேன்டி. அப்பாகிட்ட சொல்லிராத."

போர்வைய தலைக்கு மேல இழுத்துக்கிட்டு பிரேமா அவ காதுக்குள்ள சொன்னா. திருவனந்தபுரத்துல சித்தி வீட்டுல தங்கி பிளஸ் ஒன் படிக்கிறவ, தங்கச்சிகிட்டப் போயி பயத்தக் காட்டுறது வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா யார்கிட்டயாவது சொல்லலன்னா நெஞ்சு வெடிச்சிரும் போல இருந்துச்சு.

விசயம் இதுதான். லைன்ல முத படம் வருசத்துக்கு ஒரு வீட்டு முறை. அந்த வீட்டுக்காரங்க எந்தக் கேசட்டக் கொண்டு வாராங்களோ, அதத்தான் எல்லாரும் உக்காந்து பாக்கணும். படம் நல்லாருந்தா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க. நல்லால்லன்னா அந்த வீட்டுக்கு ஒரு பேரு விழும். விழுந்தா விழுந்ததுதான். பிச்சைக்கனி மாமா கொண்டு வந்த கேசட்டு பாதியில சிக்கிக்கிச்சு, அவரு வீடு இன்னைக்கும் 'நாடா சிக்குன வீடு'. தாசையன் மாமா பேய்ப் படம் போட்டாரு, ரெண்டு பிள்ளைகளுக்கு காய்ச்சல் வந்துச்சு. அவரு மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனப்பகூட, "பேய் வீட்டுல கல்யாணம் என்னைக்கு?"ன்னுதான் கேட்டாங்க.

இந்த வருசம் அப்பா முறை. அப்பா லிங்கராஜுக்குத் தேயிலை ஃபாக்டரியில வேலை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. போன வாரம் பஸ் கண்டக்டர்கிட்ட பிரேமாவுக்குச் சொல்லி விட்டிருந்தாரு: "நல்ல சண்டப் படமா எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நம்ம வீட்டுக்கு இதுவரைக்கும் ஒரு பேரும் கிடையாது. அப்படியே இருக்கட்டும்."

பிரேமா திருவனந்தபுரம் சாலை பஜார்ல போயி சண்டப் படம் வாடகைக்கு எடுத்தா. அதுவும் பையில இருக்கு. ஆனா அதுகூட இன்னொண்ணும் இருக்கு. அது அஸ்வதி குடுத்தது.

அஸ்வதி கிளாஸ்ல பக்கத்துல உக்காருறவ. அவ அண்ணன் ஃபிலிம் சொசைட்டில இருக்கான், வீடு முழுக்க எந்தெந்த நாட்டுக் கேசட்டோ கிடக்கும். அவளுக்கு ஒரு வியாதி. யாரப் பாத்தாலும், "ஒரு படம் பறையட்டே?"ன்னு, ஒரு படத்தப் பத்திச் சொல்லட்டுமான்னு ஆரம்பிப்பா. கேன்டீன் சேச்சிக்கும் சொல்லுவா, கணக்கு சாருக்கும் சொல்லுவா. கதைய மட்டும் சொல்ல மாட்டா.

"இந்தப் படத்துல ஒண்ணும் நடக்காது, கேட்டோ. ஆனா மறக்காது."

"ஒண்ணும் நடக்காததுக்கு எதுக்குடி கேமரா?"ன்னு பிரேமா சிரிச்சா. அப்புறம் ஒரு சனிக்கிழமை அவ வீட்டுலயே உக்காந்து பாத்தா. ஒரு மலை ரோடு. முக்குல ஒரு பொண்ணு டிரங்குப் பெட்டியோட நிக்கா. ஒரு கிழவரு சேவலக் கால் கட்டி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நிக்காங்க. பஸ் வரல. படம் முடிஞ்சு போச்சு. அவ்வளவுதான்.

ஆனா அது மனச விட்டுப் போகல. பிரேமா பல்லு தேய்க்கும்போது அந்தப் பொண்ணு நிக்கா, கெமிஸ்ட்ரி கிளாஸ்ல நிக்கா. ஏன் போக மாட்டேங்குது? இது இங்கிலீஷ் படிக்கிற டவுன்காரங்களுக்கு மட்டும் புடிக்கிற சாமானா, இல்ல நம்ம லைன்ல போட்டாலும் இப்படி ஒட்டிக்கிடுமா? அந்தக் கேள்விதான் அவளப் புடிச்சு ஆட்டுச்சு.

"ரெண்டுல எத போடப் போற?"ன்னு மணி கேட்டா.

"தெரியலடி."

"அப்பாவுக்குப் பேரு விழுந்துரும்க்கா."

"அதான் பயமா இருக்கு."

காலையில கிளப்புல கொடி ஏத்தி மிட்டாய் குடுத்து முடிச்சாங்க. டெக்கு கொண்டு வந்த அபிலாஷ் வயரையெல்லாம் சொருகிட்டு, "லிங்கராஜண்ணன்டெ வீட்டு கேசட்டு எவிடெ?"ன்னான். முன்னால பிள்ளைங்க, நடுவுல பொம்பளைங்க, செவுத்தோரம் ஆம்பளைங்க. அப்பா வாசப்படிகிட்ட நின்னாரு, வெள்ளை வேட்டி கட்டி. எல்லாரும் பாக்காங்க. பிரேமா பையில கைய விட்டா. ரெண்டு கேசட்டும் கையில தட்டுப்பட்டுச்சு. எதுன்னு யோசிக்கிறதுக்குள்ள கை அஸ்வதியோடத எடுத்துக் குடுத்துருச்சு.

படம் ஓட ஆரம்பிச்சப்புறந்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த ஆளுங்க பேசுறது எந்த ஊரு பாஷையோ. கீழ இங்கிலீஷ்ல எழுத்து வரும். அன்னைக்கு அவ பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே பாத்துட்டா. லைன்ல யாரு இங்கிலீஷ் வாசிப்பா?

"எந்தப் பாஷ இது?"

"டிவி கெட்டுப் போச்சா?"

"லிங்கராஜு, ஒம்ம மக என்ன வே கொண்டாந்திருக்கா?"ன்னு செவுத்தோரத்துலருந்து தாசையன் மாமா. அவரு குரல்ல ஒரு சந்தோசம். பேய் வீட்டுக்குத் தொணை கிடைக்கப் போற சந்தோசம்.

அப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அதப் பாத்ததும் பிரேமா எந்திரிச்சு டிவி பக்கத்துல போயி நின்னா. கீழ வந்த எழுத்த வாசிச்சு மெதுவாத் தமிழ்ல சொன்னா.

"அந்தப் பொண்ணு கேக்கா... 'பஸ் போயிருச்சா?'ன்னு."

"சத்தமா சொல்லுட்டி!"

"பஸ் போயிருச்சா?"

"கிழவரு என்ன சொல்லுதாரு?"

"'எந்த பஸ்?'ன்னு கேக்காரு."

கூட்டத்துல யாரோ கிளுக்குன்னு சிரிச்சாங்க. பிச்சைக்கனி மாமா, "நம்ம பஸ் ஸ்டாப்பு ராயப்பன் கடையில போயி கேட்டாலும் இதத்தான் சொல்லுவான்"னாரு. அதுக்கும் ஒரு சிரிப்பு.

படத்துல பேச்சே கொஞ்சந்தான். அது அவளுக்கு உதவியாப் போச்சு. பொண்ணு பேசும்போது பொண்ணாவும் கிழவரு பேசும்போது கிழவராவும் சொன்னா. பேச்சில்லாத நேரம் பயமா இருந்துச்சு, எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாங்களோன்னு. ரெண்டு மூணு பையன்க போகவும் செஞ்சாங்க. ஆனா பேச்சில்லாத நேரத்துல லைன்காரங்க பேச ஆரம்பிச்சாங்க.

"அந்தச் சேவலுக்குத் தண்ணி குடுத்தானா அந்த மனுசன்?" இது அம்மா மாடம்மாள்.

"காலையிலருந்து வெயில்ல வச்சிருக்கான், பாவி."

"ஏ பொண்ணே, அந்த லாரிக்காரன் கூப்பிட்டா ஏறிராத. மூஞ்சியப் பாரு."

"பெட்டி மேல உக்காரலாம்ல? எதுக்கு நிக்கா?"

"உக்காந்தா பஸ்ஸுக்காரன் ஆள் இல்லன்னு நிறுத்தாமப் போயிருவான். ஒனக்கென்ன தெரியும், நீ என்னைக்கு டவுனுக்குப் போன?"

பிரேமா திரும்பிக் கூட்டத்தப் பாத்தா. ஒருத்தரும் அவளப் பாக்கல. ரோட்டப் பாத்துக்கிட்டிருந்தாங்க.

கடைசியில இருட்டிக்கிட்டு வருது. கிழவரு பெருமூச்சு விட்டு, சேவலோட கட்ட அவுத்து விடுதாரு. அது ரோட்டத் தாண்டிப் போகுது. அவரும் எந்திரிச்சுப் போயிட்டாரு. பொண்ணு மட்டும் பெட்டியோட நிக்கா. திடீர்னு கழுத்தத் திருப்பி வளைவப் பாக்கா. படம் முடிஞ்சிருச்சு.

ஒருத்தரும் இடத்த விட்டு எந்திரிக்கல.

"பஸ் வந்துச்சா இல்லையா?"ன்னாரு பிச்சைக்கனி மாமா.

"அது... படத்துல இல்ல மாமா."

"இல்லன்னா? காலையிலருந்து நாங்களும் கூட நின்னோம்ல!"

"வரல. அவ்வளவுதான். பஸ்ஸே வராத படத்தப் போட்டு நம்மளக் கொன்னுட்டா"ன்னு தாசையன் மாமா எந்திரிச்சாரு. "நாடா சிக்குன வீடு, பேய் வீடு, இனிமே 'பஸ் வராத வீடு'. எழுதி வச்சுக்கோங்க வே."

சிரிப்பு எழும்புச்சு. பிரேமாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அவ அப்பாவப் பாக்கல, பாக்க முடியல. அந்த நேரம் வாசப்படியிலருந்து அப்பா குரல் கேட்டுச்சு.

"வந்துச்சு."

எல்லாரும் திரும்புனாங்க. லிங்கராஜு கூட்டத்துல வாயத் திறந்து யாரும் பாத்ததில்ல.

"எங்க வே வந்துச்சு?"

"கீழ் வளைவுல கியர் மாத்துற சத்தம் கேட்டுச்சு. அதான் அந்தப் புள்ள திரும்பிப் பாக்குது."

பொன்முடியில பஸ்ஸ யாரும் கண்ணால பாத்துக் கிளம்புறதில்ல. கீழ வளைவுல கியர் மாத்துற சத்தம் கேட்டாத்தான் பைய எடுத்துக்கிட்டு வீட்டுலருந்து நடப்பாங்க. அதனால அப்பா சொன்னத யாராலயும் தள்ள முடியல.

"அபிலாஷு, அந்தக் கடைசியத் திருப்பிப் போடு!"

போட்டான். நாப்பது, அம்பது பேரு மூச்சப் புடிச்சுக்கிட்டு கேட்டாங்க. அழுத பிள்ளை வாயப் பொத்துனாங்க. டிவியிலருந்து 'ஹோ'ன்னு ஒரு இரைச்சல்.

"காத்து"ன்னாரு தாசையன் மாமா.

"பஸ்"ன்னா அம்மா.

"இன்னொரு வாட்டி போடு மக்கா."

"சேச்சி, டேப்பு தேஞ்சு போகும் கேட்டோ!"ன்னு அபிலாஷ் கத்துனான். ஒருத்தரும் காதுல வாங்கல. திரும்பத் திரும்பப் போட்டாங்க. லைன் ரெண்டாப் பிரிஞ்சு போச்சு. ரெண்டாவது படமா பிரேமா கொண்டு வந்த சண்டப் படந்தான் ஓடுச்சு. அது ஓடும்போதும் செவுத்தோரம், காத்தா பஸ்ஸா, அதுதான் பேச்சு.

மறுநாள் காலையில பிரேமா டவுனுக்குத் திரும்பணும். அப்பா பையத் தூக்கிக்கிட்டு கூட வந்தாரு. ஸ்டாப்புல தாசையன் மாமா பீடி குடிச்சுக்கிட்டு நின்னாரு.

"வாரும் வே, பஸ் வராத வீட்டுக்காரரே!"

பேரு விழுந்தே போச்சு. அப்பா நின்னாரு.

"வந்துச்சு வே. ஒமக்குக் காது கேக்கலன்னா அதுக்கு எங்க வீடு என்ன செய்யும்?"

தாசையன் மாமா புகைய முழுங்கி இருமுனாரு. அப்பா பேசுனதுல அவருக்குத்தான் அதிர்ச்சி. கொஞ்சம் தள்ளிப் போயி நின்னப்புறம் பிரேமா மெதுவாக் கேட்டா.

"நெசமாவே சத்தம் கேட்டுச்சாப்பா?"

அப்பா ரோட்டப் பாத்தாரு.

"எங்க கேட்டுச்சு? இரைச்சல்தான் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்ப்பா...?"

"அந்தப் புள்ள ஒத்தையில நிக்குதுல்ல, இருட்டுல. வரலன்னு எப்படிச் சொல்ல?"

அப்பாவுக்கும் அந்தப் படம் ஒட்டிக்கிச்சு. அஸ்வதிகிட்ட போயி முதல்ல இதச் சொல்லணும்னு பிரேமா நெனச்சா. அப்புறம், சொல்லணுமா, இது நம்மகிட்டயே இருக்கட்டுமான்னும் நெனச்சா.

"நீ கேசட்டு வாங்குன எடத்துல இந்த மாதிரி வேற இருக்கா?"ன்னு அப்பா கேட்டாரு.

"ஒண்ணும் நடக்காததா?"

"ம்."

கீழ, மஞ்சுப் பனிக்குள்ளருந்து, வளைவுல கியர் மாத்துற சத்தம் வந்துச்சு. அப்பா பையத் தூக்கித் தோள்ல போட்டாரு.

தாசையன் மாமா பீடிய வாயிலருந்து எடுக்கவே இல்ல.

"காத்து வே"ன்னாரு.