ஹாஜரி எடுக்காத ஞாயிறு

"அதத்தான் பாத்துட்டோமே உதயண்ணா. சும்மா ஒரு சிப்பாய ஒரு கட்டம் தள்ளிட்டு உக்காந்தா, அவங்களுக்கு ஒரு வாரத்த ஃப்ரீயா குடுத்த மாதிரி."

"ஃப்ரீயா குடுத்தா என்ன தப்பு? நம்ம கடையில பத்து மீட்டர் கயிறு வாங்கினா அரை மீட்டர் ஃப்ரீதான்."

"அதனாலதான் கடையில கூட்டம், ஆட்டத்துல தோல்வி."

மனிஷா அப்படிச் சொன்னதும் நரசிம்மமூர்த்தி சிரித்தார். உதயகுமாரும் சிரித்தார். சிரித்துவிட்டு இருவரும் தாரணியை ஒரு முறை பார்த்துக்கொண்டார்கள். ஐந்து வாரமாக அவர்கள் எதற்குச் சிரித்தாலும் இப்படித்தான். தாரணியும் உதட்டை இழுத்துச் சிரித்துக் காட்டினாள். அப்படிச் செய்தால் அவர்கள் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள் என்று கண்டுபிடித்திருந்தாள்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் உதயகுமாரின் கயிறு, சாக்கு, தார்ப்பாய்க் கடைக்கு மேலே இருந்த சரக்கு அறை அது. ஞாயிறு காலை பத்து மணி. சாக்குக் கட்டுகளை ஒதுக்கிப் போட்ட மேசையில் மரச் சதுரங்கப் பலகை. கீழே சந்தில் ஓர் ஆட்டோவும் ஒரு தள்ளுவண்டியும் யார் பின்னால் போவது என்று ஹாரனில் பேசிக்கொண்டிருந்தன.

கோலார் தங்கவயல் அணியோடு ஏழு மாதமாக இணையத்தில் நடந்துவரும் ஆட்டம். ஒரு நகர்த்தலுக்கு ஏழு நாள். அணியாகக் கூடிப் பேசி, வாக்களித்து, ஒரே நகர்த்தலைப் போட வேண்டும். வெள்ளைக் காய் ஆடிய இவர்களின் மைசூர் அணிக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் மூன்று நகர்த்தல்களைத் தாளில் எழுதுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வக்கீல். இன்னொருவர் எதிரணியாக உட்கார்ந்து, அந்த நகர்த்தலை எப்படி உடைப்பது என்று பார்ப்பார். மூன்றையும் பலகையில் ஆடிப் பார்த்த பிறகுதான் வாக்கு.

அணியில் ஐந்து பேர் இருந்தார்கள். இருபத்திரண்டாவது நகர்த்தலுக்கும் இருபத்து மூன்றாவதற்கும் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, தாரணியின் அண்ணன் சுரேந்தர் நஞ்சன்கூடு சாலையில் தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வரும்போது லாரியில் மோதி இறந்தான். சொந்த ஊரான கௌதள்ளிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அடுத்த வாரமே தாரணி இந்த அறைக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லோரும் அவளைத் தைரியசாலி என்றார்கள். அவளுக்குத் தைரியம் எதுவும் தோன்றவில்லை. கால் மரத்துப்போனால் அதைக் கையால் தூக்கி வைப்போமே, அப்படித் தன்னைத் தூக்கி இந்த நாற்காலியில் வைத்திருந்தாள்.

இணையப் பக்கத்தில் பலகைக்குக் கீழே அணியின் பெயர்கள் இருக்கும். ஐந்தாவது பெயர் சுரேந்தர். ஆட்டம் முடிந்தால் அணி கலைந்துவிடும், பக்கமும் மூடிக்கொள்ளும். வீட்டில் அவன் சட்டைகளைக் கொடுத்தாயிற்று. சிம் கார்டு நின்றுவிட்டது. ரேஷன் கார்டில் பெயரை எடுக்க அப்பா மனு கொடுத்துவிட்டார். இந்த ஒரு இடத்தில்தான் அவன் இன்னும் ஏதோ ஒன்றைப் பாதியில் வைத்திருந்தான். ஆட்டம் முடியக் கூடாது. தாரணிக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வக்கீலாகப் பேசினாள்.

இன்றைய தாளில் மூன்று இருந்தன.

முதலாவது உதயகுமாருடையது. ராஜாவுக்கு முன்னால் இருக்கும் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவது. "ராஜாவுக்கு ஒரு ஜன்னல் தொறந்து வெப்போம். காத்து வரும்" என்று தடித்த விரலால் தள்ளிக் காட்டினார். கால் மணி நேரம் அதைப் பார்த்தார்கள். கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை.

இரண்டாவது நரசிம்மமூர்த்தியுடையது. அவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஞாயிறுதோறும் மேல்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். "யானைக்கு நேரா யானைய வெச்சுடலாம். அவா வெட்டுவா, நாம வெட்டுவோம். அப்புறம் ரெண்டு பக்கமும் ஒண்ணுமில்ல. கௌரவமா டிரா பண்ணிண்டு ஆத்துக்குப் போகலாம்" என்றார்.

"சார், நீங்க போன வாரமும் ஆத்துக்குப் போகணும்னுதான் சொன்னீங்க" என்றாள் மனிஷா.

"ஆமா, பின்ன இந்த சாக்குக்குள்ளயேவா குடியிருக்க முடியும்? தும்மித் தும்மியே உசிர் போயிடும்."

போயிடும் என்று சொன்னதும் அவர் நிறுத்திக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாரணி மூன்றாவதைத் தொடங்கினாள்.

"யானைய மேல ஏத்தலாம். ஏழாவது வரிசைக்கு. அங்க அவங்க சிப்பாய் ரெண்டும் மாட்டும். ஒண்ணு கண்டிப்பா விழும். ஒரு சிப்பாய் அதிகமா வெச்சுக்கிட்டு மெதுவா போலாம். இன்னும் முப்பது நகர்த்தல் வரும், நாப்பது கூட வரும்."

"நாப்பதா?" என்றார் உதயகுமார். "என் பொண்ணு கல்யாணமே ஆயிடும் தங்கச்சி. அவ இப்ப எட்டாவது."

"ஆகட்டும்ணா."

மனிஷா எதிரணியாக உட்கார்ந்தாள். சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. ஒரு நாளில் எண்ணூறு காலரைத் திருப்பிப் பார்ப்பவள். முன்பு எதிரணி நாற்காலியில் சுரேந்தர் உட்காருவான். அவள் கறுப்பு யானையை எடுத்து நேராகக் கீழே இறக்கினாள்.

"செக். இப்ப?"

"ராஜா இப்டி வெளிய வந்துடுவாரு" என்றாள் தாரணி. ராஜா ஓரத்தில் நழுவி வெளியே வந்தார்.

"அப்ப சிப்பாய் போயிடுச்சு எனக்கு." மனிஷா கொஞ்ச நேரம் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னொரு வழியும் இல்ல. விடு, நல்லாதான் இருக்கு. மூணாவதுதான் கரெக்ட்."

ராஜாவையும் யானைகளையும் பழைய கட்டங்களில் வைத்தார்கள். உதயகுமார் போனை எடுத்தார். அணித் தலைவர் அவர்தான், அவர்தான் போட வேண்டும்.

"இருங்கோ உதயகுமார்" என்றார் நரசிம்மமூர்த்தி. "போடறதுக்கு முன்னாடி ஒரு தரம்..."

"என்ன சார்?"

அவர் தாரணியைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. போடுங்கோ."

உதயகுமார் போட்டார். கீழேயிருந்து டீ வந்தது. குடித்தார்கள்.

மறுநாள் தாரணி வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்குப் பார்வை சோதிக்கப் பஞ்சவர்ணம் என்ற வயதான அம்மாள் வந்திருந்தார். தாரணி லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டாள். "இது நல்லா தெரியுதாம்மா, இதுவா?" அம்மாள் எல்லாவற்றுக்கும் "ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு" என்றார். அது பொய்யில்லை என்று தாரணிக்குத் தெரிந்தது. அவளுக்கும் சில நாட்களாக ரெண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

அம்மாள் போனபின் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு, போனில் ஆட்டப் பக்கத்தைத் திறந்தாள். பெயர்களைத்தான் முதலில் பார்த்தாள். ஐந்தும் இருந்தன. பிறகு பலகையைப் பார்த்தாள்.

வெள்ளை ராஜாவின் முன்னால் மூன்று சிப்பாய்கள் ஒட்டி நின்றன. ஓரச் சிப்பாய் தன் பழைய இடத்திலேயே இருந்தது. ஜன்னல் இல்லை.

அவள் சாதத்தை ஒரு வாய் எடுத்து மென்றாள். கறுப்பு யானை கீழே இறங்கும். செக். ராஜா வெளியே வர வழியில்லை. கீழ் வரிசையைக் காத்துக்கொண்டிருந்த யானையை அவளேதான் மேலே ஏற்றச் சொன்னாள். ஒரே நகர்த்தல். ஆட்டம் முடிந்தது. அவள் இன்னொரு வாய் மென்றாள். உப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

மனிஷாவிடமிருந்து செய்தி வந்தது: "பாத்தியா?"

"பாத்தேன்."

"சாயங்காலம் கடைக்கு வா."

ஐந்தரைக்கு அவள் போனபோது மூவரும் மேலே இருந்தார்கள். நரசிம்மமூர்த்தி திங்கட்கிழமையில் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. மரப் பலகையை யாரும் தொட்டிருக்கவில்லை. ஓரச் சிப்பாய் ஒரு கட்டம் முன்னால், உதயகுமாரின் விரல் விட்ட இடத்திலேயே நின்றது.

"நான்தான் தள்ளினேன்" என்றார் உதயகுமார். "தள்ளிட்டுத் திருப்பி வெக்கல. அப்புறம் பாத்ததெல்லாம் வேற பலகை. எல்லாம் வேற பலகை."

"நான் பாத்திருக்கணும்" என்றாள் மனிஷா. "ஒரு பட்டன் கோணலா இருந்தா எனக்குத் தூரத்துல இருந்தே தெரியும். ஒரு சிப்பாய் தெரியல. செருப்பால அடிக்கணும் என்னய."

"யாரும் யாரையும் அடிக்க வேண்டாம்" என்றார் நரசிம்மமூர்த்தி. "நேக்குத் தோணித்து. வாய் வரைக்கும் வந்துது. ஹாஜரி எடுக்கலாம்னு சொல்ல வந்தேன். அப்புறம் சொல்லல."

ஹாஜரி சுரேந்தர் வைத்த பெயர். வாக்குக்கு முன்னால் அவன் எழுந்து நிற்பான். போனில் உண்மையான பலகையைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூட வாத்தியார் போல ஒவ்வொரு காயையும் அது நிற்கும் கட்டத்தோடு கூப்பிடுவான். "வெள்ளை ராஜா, ஜி ஒண்ணு!" மற்றவர்கள் மரப் பலகையைப் பார்த்து "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த காய்க்குப் போக மாட்டான். உதயகுமார் கொட்டாவி விட்டால் "கடைசி பெஞ்ச், எந்திரி" என்பான். ஆடிப் பார்த்ததில் எந்தக் காயாவது இடம் மாறி நின்றால் அப்போதுதான் பிடிபடும். நாலைந்து தடவை பிடிபட்டிருக்கிறது. ஐந்து வாரமாக யாரும் ஹாஜரி எடுக்கவில்லை. அந்தக் குரலில் அந்த வார்த்தைகளைத் தாரணி முன்னால் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நான்கு நகர்த்தல் தப்பித்தார்கள்.

"நீங்க எல்லாம் எனக்காக விட்டீங்களா?" என்று கேட்டாள் தாரணி.

"இல்லம்மா, அப்டி..." என்றார் உதயகுமார். பிறகு "ஆமா" என்றார்.

"நானும் உங்களுக்காகத்தான் கேக்காம இருந்தேன். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு."

மனிஷா அழுதாள். உதயகுமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கீழே யாரோ தார்ப்பாய் கேட்பதாக, யாரும் கேட்காத தார்ப்பாய்க்கு "இதோ வரேன்" என்றார். தாரணி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவது ஒரு வேலை போலவும், அந்த வேலைக்குத் தன்னை இன்னும் யாரும் எடுக்கவில்லை போலவும் இருந்தது. கை நீட்டி ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் பின்னால் வைத்தாள். யானையை ஏழாவது வரிசைக்கு ஏற்றினாள். இப்போது இரண்டு பலகையும் ஒன்று.

"போட்டத மாத்த முடியாதா?" என்றாள் மனிஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ரூல்ஸ்ல இல்ல" என்றார் நரசிம்மமூர்த்தி. "அவா சம்மதிச்சாலும் இல்ல."

"அவங்க எப்ப போடுவாங்க?"

அது எல்லோருக்கும் தெரியும். தங்கவயல்காரர்களுக்கு ஏழு நாள் இருந்தாலும் திங்கட்கிழமை ராத்திரிக்குள் போட்டுவிடுவார்கள். "அவங்க டீ ஆறதுக்குள்ள போட்டுடுவாங்க" என்பான் சுரேந்தர். இன்று திங்கள்.

தாரணி படி இறங்கிச் சந்துக்கு வந்தாள். ஒரு ஸ்கூட்டர் அவளை "மேடம், ஸ்வல்ப ஜாக பிடி" என்று கன்னடத்தில் வழி கேட்டுச் சுவரோரம் ஒதுக்கியது. கடையின் சாக்கு அடுக்கில் சாய்ந்துகொண்டு போனை எடுத்தாள்.

தங்கவயல் அணித் தலைவர் பெயர் சந்தோஷ்குமார். அவள் பார்த்ததில்லை. ஐந்து வாரம் முன்னால் அவர் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "உங்க அண்ணன் ஆட்டப் பக்கத்துல எழுதின கேள்விகளுக்குப் பதில் யோசிக்கத்தான் நாங்க நாலு பேரும் ஞாயித்துக்கிழமை கூடுவோம். ரொம்ப வருத்தமா இருக்கும்மா. என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க." அதற்கு அவள் பதில் போடவில்லை. அப்போது கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

அந்தச் செய்திக்குக் கீழே இப்போது எழுதினாள். இரண்டு முறை அழித்தாள். மூன்றாவது முறை எழுதியதை, அண்ணன் காய்களைக் கூப்பிடுவது போல ஒவ்வொரு வார்த்தையாக மனதுக்குள் சரிபார்த்துவிட்டு அனுப்பினாள்.

"சார், நான் தாரணி, சுரேந்தரோட தங்கச்சி. நேத்து நாங்க என்ன போட்டிருக்கோம்னு இந்நேரம் பாத்திருப்பீங்க. மாத்திக்க விடுங்கன்னு கேக்கல. விட்டுக் குடுக்கவும் வேண்டாம், யானைய கீழ இறக்கி முடிச்சிடுங்க. ஆனா உங்களுக்கு ஏழு நாள் இருக்கு. இந்த ஒரு தடவை மட்டும், அந்த ஏழு நாளையும் எடுத்துக்குறீங்களா?"