பதினோராம் மாதத்துக் குத்துக்கோடு

இந்தக் கட்டடத்தில் எனக்கு 'மைக்' என்று பெயர். பத்தொன்பது வருடமாகப் புதன்கிழமை செமினாருக்கு மைக் தூக்குகிறவனை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? நாற்காலி போடுவது, புரொஜெக்டரைத் தட்டி எழுப்புவது, கேள்வி கேட்பவர் வாயருகே மைக்கை நீட்டுவது எல்லாம் நான்தான். நான் அதில் பேசியது 'ஹலோ, டெஸ்ட்' மட்டும்.

மருத்துவ ஆராய்ச்சிக்காரர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. தலையாட்டுகிற பேராசிரியர்களுக்கும் புரியாது என்பது என் கட்சி. ஆனால் படிக்கட்டுக் கோடு எனக்குப் புரியும். மருந்துச் சோதனை என்றால் கடைசியில் அந்தப் படம் வந்தே தீரும். எல்லோரும் உயிரோடு இடது மேல் மூலையிலிருந்து கிளம்புவார்கள். ஒருவர் இறந்தால் கோடு ஒரு படி இறங்கும். நடுவில் சின்னதாக ஒரு குத்துக்கோடு நின்றால், அந்த ஆள் அதுவரை உயிரோடு இருந்தார், அப்புறம் தகவல் இல்லை என்று அர்த்தம். அதற்காகக் கோடு இறங்காது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகிற நோய்க்குப் புது மாத்திரை, சோதனைக்கு ஆள் தேவை என்று ஒரு டாக்டரம்மா பேசினார். என் தம்பிக்கு அதே நோய்தான். மாடிக்குப் போகும்போது மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டு, "வேடிக்கை பாக்கறேண்ணா" என்று சமாளிப்பான். திரையில் இருந்த போன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய் அவனைச் சேர்த்துவிட்டேன். டாக்டரம்மாவிடம் மூச்சுவிடவில்லை. மைக் தூக்குகிறவன் சிபாரிசு பிடிக்கிறான் என்ற பேச்சு எனக்கு எதற்கு?

மொத்தம் அறுபத்திரண்டு பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது முடிகிறவரை யாருக்கும் தெரியாது. தம்பி சிரிப்பான். "எனக்கு மாவு மாத்திரைதான் விழுந்திருக்கும். என் ராசி அப்படி."

பதினோராம் மாதத்துக்குப் பிறகு அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

"ரெண்டு பஸ் மாற மூச்சு இல்லண்ணா. நர்ஸம்மா உன் நம்பருக்குத்தான் போன் பண்ணுவாங்க, எடுக்காதே. எடுத்தா வரச் சொல்வாங்க. உனக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வராது."

எடுக்கவில்லை. பதினாலாம் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, சட்டையின் மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டான்.

அதற்கப்புறமும் நர்ஸம்மாவின் போன் வந்தது. மாதத்தின் முதல் திங்கள், காலை பத்து மணி. எடுக்காவிட்டால் ஒரு செய்தி வரும்: 'தம்பி எப்படி இருக்கிறார்? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.' போனை எடுத்து, போய்விட்டான் அம்மா என்று சொல்ல எனக்கு எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. உலகத்தில் ஒரே ஒருத்தி அவனை உயிரோடு நினைத்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் அவனைச் சாகடிக்க எனக்கு மனசு வரவில்லை. அவன் தின்றது மாவுதானே, அவன் சாவால் மருந்துக்கு என்ன கெட்டுப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏழு மாதம் அப்படியே ஓடிற்று.

அப்புறம் ஒரு புதன்கிழமை டாக்டரம்மா முடிவுகளோடு வந்தார். திரையில் இரண்டு கோடுகள். சாம்பல் நிறம் வெற்று மாத்திரை, நீலம் மருந்து. சாம்பல் தடதடவென்று இறங்கியது. நீலம் மெல்ல இறங்கியது. அதில் பதினோராம் மாதத்தில் ஒரே ஒரு குத்துக்கோடு. சாம்பலில் தேடினேன், ஒன்றுகூட இல்லை.

அவன் தின்றது மாவு இல்லை. நிஜ மருந்தைத் தின்றும் போயிருக்கிறான்.

"அடுத்து அறுநூறு பேருக்குக் கொடுத்துப் பாக்கப் போறோம்" என்று முடித்தார் டாக்டரம்மா.

முன் வரிசையில் ஒரு பேராசிரியர் உண்டு. நாங்கள் தூங்குமூஞ்சி என்போம். செமினார் முழுக்கக் குறட்டை விட்டுவிட்டுக் கடைசியில் சரியான கேள்வியைக் கேட்பவர். கை தூக்கினார். மைக்கைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"நீலக் கோட்டுல பதினோராவது மாசம் ஒருத்தர் நிக்கிறாரே, அவர் என்ன ஆனாரு?"

"தகவல் இல்ல சார். வீட்டுல போனை எடுக்கறதில்ல. மூச்சு நல்லாயிட்டா சிலர் வராம இருந்துடுவாங்க. இவரும் அப்படித்தான்னு நம்பறோம்."

அறையில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. என் கையிலிருந்த மைக் ஸ்பீக்கர் பக்கம் திரும்பிக் கீச்சென்றது.

"மைக், பேட்டரியப் பாருப்பா" என்றார் தூங்குமூஞ்சி.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தேன். நான்கு அடுக்கியதற்கு மேல் முடியவில்லை. அறுநூறு பேர். அவர்கள் ஒவ்வொருவரையும் யாரோ ஒருவர் உள்ளங்கையில் நம்பர் எழுதி அனுப்பிவைப்பார்கள்.

"டாக்டரம்மா, அந்தப் பதினோராம் மாசத்துக்காரர் நல்லா இல்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் தம்பி. போனை எடுக்காத ஆள் நான்தான்."

பையைத் தோளில் மாட்டியவர் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். நன்றாகத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"எப்போ?"

தேதி சொன்னேன்.

"மாத்திரை... கடைசி வரைக்கும் சாப்பிட்டாரா?"

"கையில இருந்த வரைக்கும் ஒரு வேளை தவறல. மாவு, மாவுன்னு கேலி பண்ணிக்கிட்டே சாப்பிட்டான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கோட்டுக்காக அவரும் தூக்கம் கெட்டவர்தான். பிறகு லேப்டாப்பைத் திறந்தார். அது இன்னும் புரொஜெக்டரோடுதான் இணைந்திருந்தது. காலி அறையில், பெரிய திரையில், குத்துக்கோடு மறைந்தது. நீலக் கோடு மூன்று மாதம் நேராக நகர்ந்து, பதினாலாம் மாதத்தில் ஒரு படி இறங்கியது. சாம்பலுக்கும் நீலத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி கொஞ்சம் குறைந்தது.

"எங்களுக்குத் தெரியாமயே மூணு மாசம் இருந்திருக்காரு" என்றார். என் பக்கம் திரும்பி, "அவர் பேரு என்ன? எங்களுக்கு வெறும் பதினேழாம் நம்பர்தான்."

பேரைச் சொன்னேன். அவர் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த மாதம் முதல் திங்கள், ஒன்பதரை மணிக்கே போனைச் சத்தம் கூட்டி எதிரில் வைத்துக்கொண்டேன். வராது என்று தெரியும், இருந்தாலும் வைத்துக்கொண்டேன். பத்தானது. பத்தரையானது. போன் அடிக்கவில்லை. தம்பி போய் எட்டு மாதமாகியிருந்தது. அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.